பிரிக்காத பெட்டி

அத்தியாயம் 5

கதவு சாத்திய சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. அதைத் தொடர்ந்து 'களக்' என்று கேட்ட சின்னச் சத்தத்துக்குத்தான் இக்னேசியஸ் சட்டென்று திரும்பினான்.

"காத்து" என்றார் குகநேசன். "பழைய பூட்டு. அடிச்சுச் சாத்தினாத் தானா விழும்."

கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். தோளால் முட்டிப் பார்த்தார். தோட்டத்துச் சம்பளப் பணத்தைப் பாதுகாக்க வெள்ளைக்காரத் துரைமார் கப்பலில் வரவழைத்த இரும்புக் கதவு அது. அறுபதைத் தாண்டிய தேயிலை வியாபாரியின் தோளுக்கெல்லாம் மசிகிற சாதி இல்லை.

"சாவி எங்கங்க மொதலாளி?" என்றான் இக்னேசியஸ்.

"வெளியிலை. பூட்டிலைதான் விட்டனான்."

"பத்திரமான எடந்தாங்க."

பகடி பேசினானே தவிர, அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளில் ஏழு பேர் படுக்கும் ஒரே லயத்துக் காம்பராவில் வளர்ந்தவன். மழைக்காலத்தில் கதவை அடைத்துவிட்டால் அடுப்புப் புகையும் அத்தனை பேரின் மூச்சும் சேர்ந்து நெஞ்சின் மேல் ஏறி உட்காரும். பெரியவனானதும் அவன் தேடிக்கொண்ட முதல் தொழில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுவது. கதவே இல்லாத வாகனம் வேறு எது இருக்கிறது? துப்பறியும் கேதீஸ்வரிக்கு உதவியாளாகச் சேர்ந்த பிறகும் அவன் அதை விற்கவில்லை.

கேதீஸ்வரி கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு வெளி விறாந்தையைப் பார்க்கும் கம்பித் துவாரத்தை. பள்ளிக்கூடச் சிலேட்டு அளவில் முகத்தின் உயரத்தில் இருந்த அதுதான் அந்த அறைக்கு ஒரே சாளரம். அதற்கப்பால் பனிமூட்டம் பஞ்சு அடைத்ததுபோல அப்படியே நின்றது. அவள் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அட்டன் நீதிமன்றத்தில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது அவளுக்குப் பழகிய காரியம்.

"பூசணி" என்று குகநேசன் துவாரத்தின் வழியே மனைவியைக் கூப்பிட்டார். "குணபூசணி, இஞ்ச வந்து கதவைத் திற."

பதில் இல்லை.

"கோழிக்குச் சாப்பாடு போடப் பின்னுக்குப் போயிருப்பா" என்றார். "வருவா."

"அதுவரைக்கும் கதைப்பம் அண்ணை" என்றாள் கேதீஸ்வரி. "எங்களுக்கு நேரமில்லை. ஐவியை இண்டைக்குப் பின்னேரம் நீதவானிட்டைக் கொண்டுபோறாங்கள். ரிமாண்ட் எண்டு சொன்னா இருக்கிற நிலமையிலை அவள் எப்ப வெளியிலை வருவாள் எண்டு ஆருக்கும் தெரியாது."

இருக்கிற நிலைமை என்றால் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் போர்க்கால நிலைமை. வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. தமிழ்ப் பெயரோடு பொலிஸ் படி ஏறியவர்கள் இறங்கி வரும்வரை வீட்டில் சோறு இறங்காத காலம்.

ஐவி இந்தப் பங்களாவில் கூட்டித் துடைத்துச் சமைத்துக் கொடுத்தவள். போன ஞாயிற்றுக்கிழமை இந்த அறையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி காணாமல் போனது. அவள்தான் எடுத்தாள் என்று குகநேசன் முறைப்பாடு கொடுத்தார். பொலிஸ் வந்து தட்டில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தது. நேரே போய் ஐவியின் லயத்துக் காம்பராவைப் புரட்டியது. பெட்டி கிடைக்காவிட்டாலும் அவளை ஜீப்பில் ஏற்றிப் போனது. மறுநாள் காலை குணபூசணி புருசனுக்குத் தெரியாமல் பஸ் ஏறி அட்டனுக்கு வந்தாள். மருந்துக்கடைக்கு மேலே இருந்த கேதீஸ்வரியின் அறையில் உட்கார்ந்து, "ஐவி எடுக்கேல்லை. எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாளே தவிர வாய் திறக்கவில்லை.

இக்னேசியஸ் தபால் முத்திரை ஆல்பங்கள் அடுக்கியிருந்த தட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். அறை முழுக்கச் சேகரிப்புத்தான். ஒருபுறம் பழைய இலங்கை முத்திரைகள். மறுபுறம் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிக் காசுகள். கொட்டகலையில் தேயிலை வாங்கி, பங்களாவுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் பக்கற்றுகளில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புகிற குகநேசனுக்கு, வியாபாரம் வயிற்றுக்கு, இந்த அறை மனதுக்கு.

"எனக்கு ஒண்ணு வெளங்கலைங்க மொதலாளி" என்றான் இக்னேசியஸ். "இம்புட்டு வெள்ளியும் முத்திரையும் கெடக்கையில, ஒரு வெளையாட்டுச் சாமானுக்கா இந்தப் பாடு?"

குகநேசனின் முகத்தில் அந்த நிலைமையிலும் ஒரு வெளிச்சம் வந்தது. சேகரிப்பைப் பற்றிக் கேட்டால் சேகரிப்பவர்களுக்கு வரும் வெளிச்சம்.

"இந்த முத்திரை எல்லாத்தையும் வித்தா ஒரு பழைய கார் வாங்கலாம், தம்பி. காசுக் குத்தியளை வித்தா அந்தக் காருக்கு ரயர் போடலாம். அந்த ஒரு பெட்டியைக் குடுத்தா கொழும்பு வெள்ளவத்தையிலை வீடொண்டுக்கு முற்பணம் கட்டலாம். அதுவும் விளையாட்டுச் சாமானுக்கு இல்லை. விளையாடாத சாமானுக்கு."

"வெளங்கலைங்க."

"முத்திரையிலை தபால் கந்தோர்ச் சீல் குத்தினாலும் அது முத்திரைதான். சிலதுக்குச் சீல் இருந்தாத்தான் விலை. காசு தேஞ்சாலும் வெள்ளி வெள்ளிதான். உது அப்பிடியில்லை. ஃபக்டரியிலை சுத்தின பொலித்தீன் பிரியாத வரைக்கும்தான் உதுக்கு மதிப்பு. உலகத்திலை உள்ள பிள்ளையள் எல்லாம் வாங்கின உடனை பிரிச்சுப் போட்டுதுகள். பிரிக்காமல் மிஞ்சினது விரல் விட்டு எண்ணுற அளவுதான்."

"உங்க வீட்டுல மட்டும் எப்படிங்க பிரிக்காம மிஞ்சுச்சு?"

"என்ரை தம்பி கனடாவிலையிருந்து மகன் றமணனுக்கு அனுப்பினவன். தொண்ணூறுகளிலை. பெட்டி வந்துது, அதைப் போட்டு விளையாடுற மெசின் வரேல்லை. மெசின் வாங்கினாப் பிறகு பிரிப்பம் எண்டு வச்சனான்." கண்ணாடிப் பெட்டியின் மூடியை விரலால் துடைத்தார். "பிறகு வாங்கக் கிடைக்கேல்லை. அவன் வளந்து இப்ப லண்டனிலை."

"சரி, பிரிக்காம உள்ள சாமான் இருக்குன்னு எப்படிங்க தெரியும்?"

"பிரிச்சுப் பாத்தா விலை போயிடும்."

"அப்ப எலக்சன்ல தலைவர்மாரு குடுக்குற வாக்கு மாதிரின்னு சொல்லுங்க. தொறந்து பாக்காத வரைக்கும்தான் மதிப்பு."

கேதீஸ்வரி சிரித்தாள். குகநேசன் சிரிக்கவில்லை. மறுபடி துவாரத்துக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டார். பனிமூட்டம் அவர் குரலை விழுங்கிக்கொண்டது.

இக்னேசியசுக்குச் சுவர்கள் கொஞ்சம் கிட்ட வந்ததுபோல இருந்தது. கதவின் அடியில் காற்று வரும் இடைவெளி ஏதும் உண்டா என்று குனிந்தான். இல்லை. அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே கைவிட்டுப் பார்த்தான். விரலில் ஏதோ சரசரத்தது. இழுத்தான். கசங்கிக் கிழிந்த மெல்லிய பொலித்தீன் உறை வந்தது. ஒரு பெட்டியின் நாலு மூலையும் இன்னும் அதில் அச்சாக நின்றன.

"அதுதான்" என்றார் குகநேசன், சற்று அவசரமாக. "பாருங்கோ. கிழிச்சு எறிஞ்சுபோட்டு உள்ளதைக் கொண்டுபோட்டாள். எவ்வளவு பெரிய பெறுமதி, ஒரு நிமிசத்திலை நாசம்."

"அப்பிடியோ" என்றாள் கேதீஸ்வரி. "ஐவிக்கு இதின்ரை விலை தெரியுமோ, தெரியாதோ?"

"தெரிஞ்சுதான் எடுத்திருப்பாள். நான் ஃபோனிலை கதைச்சதை ஒட்டுக் கேட்டிருப்பாள்."

"விலை தெரிஞ்சவள் இதைக் கிழிக்கமாட்டாள், அண்ணை. கிழிச்சா விலை போச்சு எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். விலை தெரியாது எண்டா பக்கத்திலை மினுங்கிற வெள்ளிக்காசை விட்டிட்டு இந்தப் பெட்டியிலை கை வைக்கமாட்டாள். தெரியாதவள் எடுக்கேலாது. தெரிஞ்சவள் கிழிக்கேலாது."

குகநேசன் உறையை வாங்கக் கையை நீட்டினார்.

"அப்ப இது யாரு பாத்த வேலைங்க மிஸ்?" என்றபடி இக்னேசியஸ் உறையைத் துவார வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு மூலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அதன் விளிம்பு உருகி மணிபோல இறுகியிருந்தது. உறையை விரித்தபோது விரல்களில் நுண்ணிய செம்பழுப்புத் தூள் ஒட்டியது. மோந்து பார்த்தான். பிறந்ததிலிருந்து மூக்கில் இருக்கும் வாசனை.

"மிஸ், தேயிலத் தூளு."

"வெளியிலையோ, உள்ளுக்கையோ?"

"உள்பக்கங்க."

கேதீஸ்வரி குகநேசன் பக்கம் திரும்பினாள். "கனடாவுக்குக் கேம் செய்து அனுப்புற ஃபக்டரியிலை தேயிலையும் அரைக்கிறவங்களோ அண்ணை?"

குகநேசன் கைக்குட்டையை எடுத்தார். இக்னேசியசுக்கு முதன்முறையாகத் தன்னைவிட அதிகம் வியர்க்கிற ஒருவர் அந்த அறையில் இருப்பது தெரிந்தது.

"இது திருடன் கிழிச்ச பொலித்தீன் இல்லை" என்றாள் கேதீஸ்வரி. "சுத்தினவனுக்குச் சரிவராமல் போன பொலித்தீன். உங்கடை கொட்டகையிலை தேயிலைப் பக்கற்றுக்கு மேலை சூடு காட்டிச் சுருக்கிற மெசின் நிக்குது. வரேக்கை பாத்தனான். முதல்தரம் சூடு கூடி ஓட்டை விழுந்திட்டுது. இஞ்ச கொண்டுவந்து பாத்திட்டுக் கிழிச்சு எறிஞ்சிருக்கிறியள். ரண்டாந்தரம் சரிவந்திருக்கும்."

"விசர்க் கதை."

"காலமை நுவரெலியா ஹொட்டேலுக்கு ஃபோன் எடுத்தனான். உங்கடை பெட்டியை வாங்க வந்து அங்கை நிக்கிற ஒஸ்ரேலியாக்காரரோடை கதைச்சன். பின்பக்கப் படம் அனுப்பச் சொல்லித் திருப்பித் திருப்பிக் கேட்டாராம். பொலித்தீன் ஒட்டின கோட்டைப் பாத்தா ஃபக்டரிச் சீலோ, வேறை ஆரும் சுத்தினதோ எண்டு அவருக்குத் தெரியுமாம். நீங்கள் அனுப்பேல்லை. அப்ப நேரிலை வந்து பாக்கிறன் எண்டு எழுதினார். அவர் எழுதினாப் பிறகுதான் பெட்டி காணாமல் போச்சுது. ஆனா அதுக்கு முதலே, பிரியாத பெட்டியின்ரை விலைக்குக் காப்புறுதி செய்திட்டியள். விக்க ஏலாத பெட்டி களவு போனாலும் அதே காசு."

இவ்வளவையும் அவள் சாட்சி வாக்குமூலத்தை மொழிபெயர்க்கிற அதே குரலில் சொன்னாள். ஏற்றமில்லை, இறக்கமில்லை. குகநேசன் சுவரோடு சாய்ந்தார்.

அறையின் கீழ்ப்பகுதியில் மூச்சுவிட முடியவில்லை என்று இக்னேசியசுக்குத் தோன்றியது. மேலே காற்று இருக்கலாம். மூலையிலிருந்த முக்காலியில் ஏறி, உச்சியிலிருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே மலையும் கொழுந்துக்கூடையும் அச்சிட்ட தேயிலைப் பரிசுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று பொலித்தீன். சமநிலை தவறாமலிருக்க ஒன்றின்மேல் கையை ஊன்றினான்.

"அதைத் தொடாதை" என்று குகநேசன் கத்தினார். "இறங்கு. கொழும்புக்குப் போற சாம்பிள் அது."

இக்னேசியஸ் கையை எடுக்கவில்லை. கீழே கேதீஸ்வரியைப் பார்த்தான். அவள் கண்கள் ஏற்கெனவே அந்தத் தட்டில் இருந்தன.

"இவ்வளவு நேரமும் இவன் உங்கடை முத்திரை ஆல்பத்திலை முதுகைச் சாய்ச்சுக்கொண்டு நிண்டவன்" என்றாள். "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லேல்லை. தேயிலைப் பெட்டியிலை கை பட்டதுக்கு ஏன் அண்ணை இந்தப் பதட்டம்?"

"மிஸ், ஆட்டிப் பாக்கட்டுங்களா?"

"ஒவ்வொண்டாப் பார்."

முதல் பெட்டி மழைத் தூறல்போலச் சரசரத்தது. இரண்டாவதும் அப்படித்தான். நடுவில் இருந்த ஒன்று மட்டும் சரசரக்கவில்லை. உள்ளே கட்டியாக ஏதோ 'டொக்' என்று இடித்தது.

இக்னேசியஸ் கீழே இறங்கி அதைக் கேதீஸ்வரியின் மடியில் வைத்தான். "பொலிஸ்காரய்யா ஐவியோட அரிசிப் பானையக்கூடக் கவுத்துப் பாத்தாராம். களவு போன ரூமுல மட்டும் தேடலை."

அவள் நகத்தால் பொலித்தீனைக் கீறித் தேயிலை அட்டையைத் திறந்தாள். உள்ளே இன்னொரு பெட்டி, அதன்மேலும் புதுப் பொலித்தீன். வெளிறிய நிறங்களில் வாளேந்திய ஒரு குதிரைவீரன். மூடியின் மடிப்பில் பலமுறை திறந்து மூடிய வெள்ளைத் தழும்பு.

குகநேசன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போன மாசம் எடுத்துப் பாக்கேக்கை அது ஏற்கெனவே பிரிச்சிருந்துது" என்றார் கடைசியில். "ஆர் பிரிச்சதெண்டு தெரியாது. பிரியாத பெட்டி ஒண்டு என்ன விலைக்குப் போகுதெண்டு கொம்பியூட்டரிலை பாத்திட்டு வந்து திறந்தா, இந்தக் கோலம். எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

"ஐவிக்கு எப்பிடி இருக்குமெண்டு யோசிச்சியளோ?"

"அவளை ரண்டு நாளிலை விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்."

"பெட்டியை எறிஞ்சிருக்கலாமேங்க" என்றான் இக்னேசியஸ்.

"எறிய மனம் வரேல்லை, தம்பி."

அந்த ஒரு பதில் உண்மை என்று இக்னேசியசுக்குப் பட்டது. ஆனால் குகநேசன் நிமிர்ந்தபோது முகத்தில் வியாபாரி திரும்பி வந்திருந்தார்.

"சரி, தங்கச்சி. கெட்டிக்காரிதான். ஆனா இஞ்ச நாங்கள் மூண்டு பேர்தான். கதவு திறந்தாப் பிறகு நான் இதொண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லுவன். பெட்டி கிடைச்சுது எண்டு சந்தோசப்படுவன். ஐவி தேயிலை அட்டைக்குள்ளை ஒளிச்சு வச்சவள், பிறகு எடுத்துக்கொண்டு போக இருந்தவள் எண்டு பொலிசுக்குச் சொல்லுவன். கொட்டகையைக் கூட்டுறதும் அவள்தானே. ஆரை நம்புவாங்கள்? என்னையோ, அவளையோ?"

இக்னேசியஸ் கேதீஸ்வரியைப் பார்த்தான். பெட்டியைக் கண்டுபிடித்ததே ஐவியின் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. அறையின் சுவர்கள் நான்கும் இப்போது உண்மையாகவே நெருங்கி வந்தன. அவனுக்குப் பகடி ஒன்றும் வரவில்லை.

கேதீஸ்வரி எழுந்து துவாரத்தருகே போனாள்.

"மூண்டு பேர் எண்டு சொல்லாதேங்கோ, அண்ணை. கதவு காத்துக்குச் சாத்தினது எண்டியள். வெளியிலை பனி அசையாமல் நிக்குது. வந்ததிலையிருந்து ஒரு இலை ஆடேல்லை." துவாரத்துக்கு வெளியே பார்த்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எல்லாம் கேட்டியளோ?"

"கேட்டனான்" என்றது குணபூசணியின் குரல், கதவுக்கு மறுபுறம், கையெட்டும் தூரத்தில்.

குகநேசன் துள்ளி எழுந்தார். "பூசணி? நீயோ பூட்டினது? திற கதவை."

"இஞ்சேருங்கோ" என்றாள் அவள். "அந்தப் பெட்டியைப் பிரிச்சது றமணன். அவனுக்குப் பத்து வயசு. கத்தரிக்கோல் எடுத்துக் குடுத்தது நான். மெசின் இல்லாத பிள்ளை அந்தக் கசெற்றைக் காதிலை வச்சுக் குலுக்கிப் பாத்தான். பிறகு பழையபடி மூடி வச்சான். மெசின் வாங்கித் தாறன் எண்டு சொல்லிச் சொல்லி நீங்கள் முத்திரை வாங்கினியள். பிரியாத பெட்டி களவு போச்சு எண்டு நீங்கள் பொலிசுக்குச் சொல்லேக்கை நான் குசினிக்குள்ளை நிண்டனான். பொய்யெண்டு எனக்குத் தெரியும். ஏன் பொய்யெண்டுதான் தெரியேல்லை. இப்ப தெரிஞ்சுது."

"கதவைத் திறந்துபோட்டுக் கதை."

"ஐவி இந்தப் படியிலை வந்து நிக்கட்டும். பிறகு திறக்கிறன். ஃபோன் உங்கடை சேட்டுப் பையிலைதான் கிடக்கு."

இக்னேசியஸ் துவாரத்துக்கு ஓடினான். ஐவி வரும்வரை என்றால் அவனும் அல்லவா உள்ளே? "அம்மா" என்று ஆரம்பித்தான். கேதீஸ்வரி அவனைப் பார்த்தாள். அவன் முக்காலியில் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டான். "ஒண்ணுமில்லைங்கம்மா. பூட்டு நல்லா விழுந்திருக்கான்னு கேக்க வந்தேன்."

அந்தக் கற்சுவருக்குள் ஃபோன் வேலை செய்யவில்லை. குகநேசன் துவாரத்துக் கம்பிகளில் கன்னத்தை ஒட்டி, கையை வெளியே நீட்டி, அது உயிர் பெறும்வரை நிற்கவேண்டி வந்தது. பிறகு ஸ்பீக்கரைப் போட்டுப் பொலிஸ் நிலையத்துக்குச் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். சாமான் கிடைத்துவிட்டது என்றார்.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் கேதீஸ்வரி. "கிடைச்சுது எண்டு சொல்லாதேங்கோ. கிடைச்சுது எண்டா அவள் பயத்திலை திருப்பி வச்சாள் எண்டு எழுதுவாங்கள். அந்த ஒரு சொல்லாலை சிறைக்குப் போன ஆக்களை எனக்குத் தெரியும். 'நானே வச்சனான். அவள் எடுக்கேல்லை. பொய் முறைப்பாடு குடுத்தனான்.' இப்பிடிச் சொல்லுங்கோ. காப்புறுதிக்காரருக்கும் இதே வசனம்தான்."

அவர் அவளைப் பார்த்தார். கம்பிக்கு வெளியே நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு அவள் சொன்னபடியே, ஒவ்வொரு சொல்லாக, சிங்களத்தில் சொன்னார். மறுமுனையிலிருந்தவர் ஏசியது உள்ளே நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஐவியை விடுகிறோம், நாளைக் காலை நிலையத்துக்கு வந்து விளக்கம் கொடுக்கவேண்டும் என்பதோடு ஏச்சு முடிந்தது.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. இக்னேசியஸ் கண்ணை மூடியபடி அட்டனிலிருந்து நுவரெலியாவரை உள்ள வளைவுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டினான். கொட்டகலைக் கடைத்தெருவில் நிறுத்தித் தேநீர்கூடக் குடித்தான். குகநேசன் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தார். ஒருமுறை, "தண்ணி கொஞ்சம் தா" என்று கேட்டார். குணபூசணி கம்பிகளுக்கு நடுவே கிளாசை நீட்டினாள். அது நுழையவில்லை. சிறிய கரண்டியால் ஊற்றிக் கொடுத்தாள்.

பின்னேரம் வாசல் படலை கிரீச்சிட்டது. படிகளில் ரப்பர்ச் செருப்புச் சத்தம். இக்னேசியஸ் எழுந்து துவாரத்துக்குப் போனான்.

ஐவி விறாந்தையில் நின்றாள். கசங்கிய சேலை, தலை வாரவில்லை. குணபூசணி சாவியை அவள் கையில் வைத்தாள். "நீயே திற, பிள்ளை."

ஐவி கதவருகே வந்தாள். சாவியைப் பூட்டில் நுழைத்தாள். சுற்றவில்லை. துவாரத்தின் வழியே உள்ளே பார்த்தாள். இக்னேசியஸ் விலகிக்கொள்ள, அவளுக்கும் குகநேசனுக்கும் நடுவில் கம்பி மட்டும் இருந்தது.

"உள்ள மூச்சு முட்டுதாங்கய்யா?" என்று கேட்டாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "ஓம்" என்றார்.

"அங்கயும் அப்படித்தாங்க இருந்துச்சு."

பிறகு சாவியைச் சுற்றினாள். கதவு திறந்து ஈரக் காற்று முகத்தில் அடித்தபோது இக்னேசியஸ் யாரையும் முந்திக்கொண்டு வெளியே வந்து, விறாந்தைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கேதீஸ்வரி பெட்டியோடு வந்தாள். குகநேசன் வரவில்லை. கதவு முழுதாகத் திறந்து கிடந்தும் உள்ளேயே இருந்தார்.

ஐவி சாவியைக் குணபூசணியிடம் கொடுத்தாள். குசினி வாசலில் மாட்டியிருந்த தன் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"நாளைக்கு வருவியோ, ஐவி?" என்றாள் குணபூசணி.

"தெரியலைங்கம்மா" என்றாள் ஐவி. "மொதல்ல கொஞ்ச தூரம் நடக்கணும்."

பஸ் வரும் வீதிப் பக்கம் அவள் திரும்பவில்லை. தேயிலைக்கு நடுவே மேலேறும் குறுக்குப் பாதையில், குடையை விரிக்காமலே நடந்து போனாள்.